பன்னிரண்டு மணிக்குப் பிறகு பிள்ளையை யார் பார்ப்பது? பாலர் பள்ளி குறித்த கேள்வி பதில்

மலேசியத் தலைநகர் கோலாலம்பூரில் நீண்ட காலம் பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர் பதிலளிக்கிறார்.

செந்தூலிலிருந்து ஒரு தாய்: வணக்கம் டீச்சர். மகளைத் தமிழ்ப்பள்ளி வளாகத்தில் உள்ள அரசாங்கப் பாலர் பள்ளியில் சேர்த்துவிட்டால், தாஸ்கா (குழந்தைப் பராமரிப்பு மையம்) செலவு முழுவதும் மிச்சமாகிவிடும் அல்லவா?

பதில்: வணக்கம் சகோதரி. முழுவதும் மிச்சமாகாது. கல்வி அமைச்சின் பாலர் பள்ளியில் கற்பித்தல் கட்டணம் கிடையாது; பிள்ளைகளின் உணவுக்கும் அரசாங்கமே பணம் ஒதுக்குகிறது. தமிழ்ப்பள்ளி வளாகத்தில் பெரும்பாலும் தமிழில் பாடம் நடக்கும், ஒரு வகுப்பில் 25 பேருக்கு மேல் சேர்க்கமாட்டார்கள், ஆசிரியருக்குத் துணையாக மாணவர் நிர்வாக உதவியாளர் ஒருவரும் இருப்பார். ஆனால் அது பள்ளிக்கூடம். பராமரிப்பு மையம் அன்று. ஒரு நாளைக்கு 4 மணி நேரந்தான். நண்பகலில் பள்ளி வாசலில் நின்று பாருங்கள், குடை பிடித்த பாட்டிமார்கள்தாம் பெரும்பாலும் தெரிவார்கள். பாட்டி இல்லாத வீட்டார் வேன்காரருக்கும், மாலைவரை பிள்ளையை வைத்துக்கொள்ளும் டிரான்சிட் மையத்துக்கும் தனித்தனியே பணம் கட்டுகிறார்கள். அந்த இரண்டு தொகைகளையும் கூட்டி, முழுநாள் தனியார் தாடிகாவின் (மழலையர் பள்ளியின்) கட்டணத்தோடு ஒப்பிட்ட பிறகு முடிவெடுங்கள். இலவசம் என்ற சொல்லைக் கேட்டதும் கணக்குப் போடாமல் விண்ணப்பித்துவிட்டு, ஜனவரியில் தவித்துப்போன பெற்றோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்: விண்ணப்பித்தால் இடம் உறுதியா?

பதில்: உறுதி இல்லை. அடுத்த ஆண்டு தொடக்கப்பள்ளியின் முதலாம் ஆண்டு வகுப்பில் நுழையவிருக்கும் பிள்ளைகளுக்கே முன்னுரிமை. எஞ்சும் இடங்களில்தான் அவர்களுக்கு இளையவர்களைச் சேர்ப்பார்கள். குறைந்த வருமானமும் கருத்தில் கொள்ளப்படும். ஆகவே வருமானச் சான்றையும் பிறப்புப் பத்திரத்தையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

கெப்போங்கிலிருந்து ஒரு தந்தை: எங்கள் குடியிருப்பில் ஒற்றுமைத் துறையின் பாலர் பள்ளியும் கெமாஸ் பாலர் பள்ளியும் இருக்கின்றன. எது நல்லது?

பதில்: தம்பி, இரண்டிலும் கட்டணம் சொற்பம், இரண்டிலும் மலாய்தான் பயிற்றுமொழி. கெமாஸ் கிராமப்புற மேம்பாட்டு அமைச்சின் கீழ் வருவது. ஒற்றுமைத் துறையின் பள்ளிகள் ருக்குன் தெத்தாங்கா (அண்டை அயலார் சங்கம்) பகுதிகளில், எல்லா இனப் பிள்ளைகளும் ஒன்றாகப் பழக வேண்டும் என்பதற்காகவே அமைக்கப்பட்டவை. பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், தமிழ் எழுத்துகளை வீட்டில்தான் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கும். வீட்டில் அதற்கு ஆள் இருந்தால் எதையும் தேர்ந்தெடுக்கலாம். இல்லையென்றால் தமிழ்ப்பள்ளிப் பாலர் வகுப்புக்கே முதலில் முயலுங்கள் என்பது என் கருத்து.

செராஸிலிருந்து ஒரு தாதி: என் மகனுக்கு ஒன்றரை வயது. தாஸ்கா நம்பகமானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் மையங்களை 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சமூகநல இலாகா பதிவு செய்கிறது. உள்ளே நுழைந்ததும் சுவரில் அந்தச் சான்றிதழைத் தேடுங்கள். காலாவதித் தேதியையும் பாருங்கள். அடுத்து, தலைகளை எண்ணுங்கள். ஒரு வயதுக்குக் கீழ் மூன்று குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர், ஒன்று முதல் மூன்று வயதுவரை ஐவருக்கு ஒருவர் என்பது விதி. காலை எட்டு மணிக்குச் சென்றால் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். ஒருவர் சாப்பிடப் போக, இன்னொருவர் பால்புட்டி கழுவிக்கொண்டிருக்கும் பிற்பகல் ஒன்றரை மணிக்குச் சென்று எண்ணுங்கள்.

செத்தாப்பாக்கிலிருந்து ஒரு பாட்டி: அண்டை வீடுகளின் கைக்குழந்தைகள் மூவரைச் சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்கிறேன். நானும் பதிய வேண்டுமா அம்மா?

பதில்: மூன்று பேர்வரை வேண்டாம் அம்மா. நான்காவது குழந்தை வந்தால், வீடாக இருந்தாலும் பதிவு அவசியம்.

பங்சாரிலிருந்து ஒரு கணக்காளர்: கட்டணத்துக்கு வருமான வரிக் கழிவு உண்டா?

பதில்: ஆறு வயதுவரையுள்ள பிள்ளைக்குப் பதிவு பெற்ற தாஸ்காவிலோ தாடிகாவிலோ கட்டும் கட்டணத்துக்கு 3,000 ரிங்கிட் வரை கழிவு கோரலாம். தாய், தந்தை இருவரில் ஒருவர் மட்டுமே கோர முடியும். வரி அதிகம் கட்டுபவர் கோருவதே இலாபம். ரசீதில் மையத்தின் பெயரும் பதிவெண்ணும் இருக்கட்டும். மாதாமாதம் கைப்பேசியில் வரும் “பணம் கிடைத்தது, நன்றி” என்ற செய்தியை வருமான வரி வாரியம் ரசீதாக ஏற்காது.