கொலுசு போட்ட தட்டுவடை

கேள்வி: மகளுக்கு 7 வயசு. பள்ளியில் ‘அர்த்தமில்லாத பாட்டு’ எழுதி வரச் சொன்னார்கள். ‘டிங்கா டோங்கா டிமுக்கு’ என்று பக்கம் முழுக்க நிரப்பினாள். திரும்ப வாசிக்கச் சொன்னால் அவளுக்கே வரவில்லை. எப்படிச் சொல்லித் தருவது?
— ஒரு வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: எல்லாச் சொல்லையும் உடைத்தால் சத்தம்தான் மிஞ்சும். வாக்கியம் நேராக நிற்கட்டும், நடப்பு மட்டும் கோணலாகட்டும். இதைச் சார்ட்டில் பெரிதாக எழுதுங்கள்:

தட்டு வடைக்குக் கொலுசு போட்டு
எட்டாம் வளைவில் ஏற்றி விட்டேன்
சட்டென நின்று மூச்சு வாங்கிக்
கட்டெறும்பிடம் காப்பி கேட்குது

(ஏற்காட்டுப் பாதையில் கொண்டை ஊசி வளைவு 20. எட்டில் நிறுத்தியது எதுகைக்காக!)

அடிக்கு 4 கைதட்டு. 3 முறை நீங்கள் சொல்லுங்கள்; பிறகு சொல்லுக்கடியில் விரலை நகர்த்தி அவள் வாசிக்கட்டும். அடிதோறும் இரண்டாம் எழுத்து ‘ட்’. எதுகை என்ற பெயர் இப்போது வேண்டாம், காதுக்குப் பிடிபட்டால் போதும்.

மறுநாள் ‘தட்டு’வை அட்டையால் மறைத்து வேறு சொல் கேளுங்கள். பட்டு வடை, தொட்டில் வடை, எதுவும் சரி. ‘பாட்டு வடை’ என்றால் ‘ட்’ இருந்தும் ஒட்டாது: முதல் எழுத்து ஓரடியில் குறிலென்றால் மற்ற அடிகளிலும் குறிலே வர வேண்டும். ஆங்கில ரைம்ஸ் பழகிய பிள்ளைகள் ஒலியொற்றுமையை அடியின் கடைசியில்தான் தேடுவார்கள். அது இயைபு, தப்பில்லை. எதுகைக்கு அடியின் தொடக்கத்தைக் காட்டுங்கள்.

அதன் பிறகுதான் புதுச்சொல். பாட்டுக்கு ஒன்றே ஒன்று, அதுவும் உருபு ஏற்க வேண்டும்: கொபுலி, கொபுலியை, கொபுலிக்கு. இதில் இன்னொரு லாபம். ‘கொலுசு’ பழகிய சொல், பாதி பார்த்தே ஊகித்துவிடுவாள். ‘கொபுலி’யை எழுத்துக் கூட்டித்தான் ஆக வேண்டும். ‘கெ’ என்று தொடங்கித் தடுமாறினால், கொம்பும் காலும் சேர்ந்து ஒரே ஒலி என்பது இன்னும் பதியவில்லை என்று அர்த்தம். அங்கே நிறுத்தி கொ, பொ, தொ எழுத வையுங்கள்.

கேள்வி: பையன் எழுதும் பாட்டில் எழுத்துப்பிழையைத் திருத்தலாமா?
— ஒரு வாசகர், ஏற்காடு

பதில்: தெரிந்த சொல்லென்றால் பாட்டு முடிந்த பிறகு திருத்துங்கள். அவனே கட்டிய சொல்லில் பிழை கிடையாது. ஆனால் முதலடியில் ‘கொபுலி’, மூன்றாமடியில் ‘கொபுளி’ என்றிருந்தால் எது சரியென்று அவனே முடிவு செய்யட்டும். ‘இதுக்கு என்ன அர்த்தம்?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அடுத்த பாட்டில் ‘மரம் வளர்ப்போம்’ வந்து நிற்கும். ‘கட்டெறும்பு காப்பி கொடுத்துச்சா?’ என்று கேளுங்கள்.