அழைப்பு வரும்வரை மகளிடம் என்ன பேசுவது?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு வணக்கம்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நீண்ட காலமாக லண்டனின் ஹரோ பகுதியில் வசித்து வருகிறோம். 17 வயதான என் மூத்த மகள் உயிரியல், இரசாயனவியல், கணிதம் ஆகிய பாடங்களுடன் ஏ லெவல் (நம் ஊர் உயர்தரம் போன்றது) இறுதி ஆண்டில் படிக்கிறாள். மருத்துவம் படிக்க வேண்டும் என்பது நாங்கள் அவள்மீது சுமத்திய ஆசையன்று. அவளுடைய அப்பப்பா மருத்துவமனையில் இருந்த காலத்தில் தாதியரும் மருத்துவரும் அவரை நடத்திய விதத்தைப் பார்த்து அவளாகவே எடுத்த முடிவு அது. கடந்த கோடையில், மருத்துவபீடங்கள் கேட்கும் யூகாட் என்ற தகுதித் தேர்வை எழுதினாள். ஒக்டோபர் 15 ஆம் திகதிக்கு முன்னரே பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் அமைப்பின் வழியாக நான்கு மருத்துவபீடங்களுக்கு விண்ணப்பித்தாள். ஐந்தாவது தெரிவாக உயிர்மருத்துவ அறிவியலைப் போட்டிருக்கிறாள்.

இப்போது ஜனவரி நடுப்பகுதி. ஒரு பல்கலைக்கழகம் டிசம்பரிலேயே மறுத்துவிட்டது. மற்ற மூன்றிலிருந்தும் எந்தத் தகவலும் இல்லை. அவளுடைய தோழியர் இருவருக்கு நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு வந்துவிட்டது. அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து அவள் எங்களோடு அமர்ந்து சாப்பிடுவதில்லை. மேசையில் புத்தகம் திறந்திருக்கிறது, கண் கைத்தொலைபேசியில் இருக்கிறது. பாடசாலையில் நடந்த மாதிரிப் பரீட்சையில் இரசாயனவியலில் வழமையைவிடக் குறைவாகப் பெற்றிருக்கிறாள். "கிடைக்காவிட்டால் நான் என்ன ஆவேன் என்றே தெரியவில்லை அம்மா" என்று ஒரு நாள் இரவு சொன்னாள். "அப்படியெல்லாம் வாயால் சொல்லாதே, நிச்சயம் கிடைக்கும்" என்று சொல்லி அவளை நித்திரைக்கு அனுப்பினேன். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போனால், "பிள்ளைக்குக் கடிதம் வந்திட்டுதோ?" என்று கேட்காதவர்கள் இல்லை. கடந்த ஆண்டு மருத்துவபீடத்துக்குத் தெரிவான என் மச்சாளின் மகன் யூகாட்டில் 2700 புள்ளி எடுத்தானாம். இவள் எடுத்தது 2050. "அதுதான் கூப்பிடவில்லை" என்று உறவினர்கள் முடிவே கட்டிவிட்டார்கள். எங்கள் ஊரில் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வரும், மாவட்டத்துக்குரிய வெட்டுப்புள்ளி வரும், அத்தோடு விடயம் முடிந்துவிடும். இங்கே இந்த மௌனத்தை எப்படிப் புரிந்துகொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசியில் பேசிக் கேட்கலாமா? நேர்முகத் தேர்வுக்கான பயிற்சி வகுப்பில் இப்போதே பணம் கட்டிச் சேர்க்கலாமா? எல்லாவற்றுக்கும் மேலாக, அவளிடம் நான் என்ன பேச வேண்டும்?

இப்படிக்கு,
ஹரோவிலிருந்து ஒரு தாய்

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விதான் முக்கியமானது. ஆனால் அதற்கு விடை சொல்வதற்கு முன்னர் அந்த மௌனத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட மௌனம் உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு தீர்ப்பாகிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

இலங்கையில் அரச மருத்துவபீட அனுமதி ஒரு புள்ளியையும் ஒரு வெட்டுப்புள்ளியையும் கொண்டு தீர்கிறது, அங்கே நேர்முகத் தேர்வு இல்லை. ஐக்கிய இராச்சியத்தில் அப்படி ஒரே எண் கிடையாது. ஒவ்வொரு மருத்துவபீடமும் யூகாட் புள்ளி, 16 வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. பரீட்சையின் பெறுபேறு, ஆசிரியர்கள் எதிர்பார்க்கும் ஏ லெவல் தரம், மாணவரின் குடும்ப மற்றும் பாடசாலைப் பின்னணி ஆகியவற்றைத் தனக்கே உரிய அளவில் எடைபோடுகிறது. ஓரிடத்தில் யூகாட்டே வரிசையைத் தீர்மானிக்கும், இன்னோரிடத்தில் ஜி.சி.எஸ்.இ.க்குப் பெரும் பங்கு இருக்கும். ஆகவே ஒரு பீடம் மறுத்தது மற்ற மூன்றும் மறுக்கும் என்பதற்கு முன்னறிவிப்பன்று. அழைப்புகளும் ஒரே நாளில் போவதில்லை. ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்கள் டிசம்பரிலேயே நேர்முகத் தேர்வை முடித்துவிடுகின்றன, வேறு பல பீடங்களோ மார்ச் வரை நடத்துகின்றன. மிக உயர்ந்த புள்ளி பெற்றவர்களை முதலில் அழைத்துவிட்டு, நடுவில் இருப்பவர்களை முழு விண்ணப்பத் தொகுதியையும் பார்த்த பின்னர் முடிவு செய்யும் பீடங்களும் உண்டு. ஜனவரியில் அழைப்பு வராதிருப்பது நல்ல அறிகுறி என்று நான் சொல்லமாட்டேன். அது இன்னும் பதிலாகவில்லை என்பதே உண்மை.

உங்கள் உறவினர்கள் கட்டிய முடிவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனெனில் அதில் ஓர் அநீதி இருக்கிறது. கடந்த ஆண்டு தெரிவான அந்தப் பையன் 2025 க்கு முன்னர் எழுதிய யூகாட்டில் புள்ளியிடப்பட்ட பகுதிகள் நான்கு, உச்சப் புள்ளி 3600. உருவ வடிவங்களைக் கொண்டு தர்க்கத்தைச் சோதிக்கும் பகுதி 2025 இல் நீக்கப்பட்டது. உங்கள் மகள் எழுதிய தேர்வில் பகுதிகள் மூன்று, உச்சப் புள்ளி 2700. நான்கு பகுதிகளில் 2700 எடுத்தவரின் சராசரி 675, மூன்று பகுதிகளில் 2050 எடுத்தவரின் சராசரி 683. இரண்டும் ஒரே தேர்வல்ல என்பதால், இவளே மேல் என்று நாம் மார்தட்டவும் தேவையில்லை. ஆனால் இவள் தாழ்ந்துவிட்டாள் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. தயவுசெய்து இந்தக் கணக்கை உங்கள் மகளிடம் சொல்லுங்கள். அந்தப் பேச்சு அவள் காதுக்கும் எட்டியிருக்கும். அதை அவள் தனியே சுமந்துகொண்டிருக்கக்கூடும்.

இனி அவளுடைய மனநிலைக்கு வருகிறேன். லண்டன் யுனிவர்சிட்டி கொலேஜ் ஆய்வாளர்கள் 2016 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், கணினி விளையாட்டில் கற்களைப் புரட்டும்போது அடியில் பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படியான மின்னதிர்ச்சி தரப்பட்டது. அதிர்ச்சி நிச்சயம் வரும் என்று அறிந்திருந்த வேளையைவிட, வருமா வராதா என்பது சரிபாதியாக இருந்த வேளையிலேயே பங்கேற்றவர்களின் மன அழுத்தம் உச்சத்தைத் தொட்டது. உங்கள் மகள் இருப்பது அந்தச் சரிபாதி நிலையில். மறுப்பு வந்துவிட்டால்கூட நிம்மதியாக இருக்கும் என்று அவள் நினைக்கக்கூடும். அது அவளுடைய ஆர்வத்தின் குறைவன்று, எல்லா மனித மனங்களும் அப்படித்தான் இயங்குகின்றன.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைட் வளாகத்தைச் சேர்ந்த உளவியலாளர் கேட் ஸ்வீனியும் அவருடைய குழுவினரும், சட்டத்தரணிகளுக்கான தேர்வை எழுதிவிட்டு ஏறத்தாழ நான்கு மாதங்கள் முடிவுக்காகக் காத்திருந்த பட்டதாரிகளைத் தொடர்ந்து அவதானித்தார்கள். நம்பிக்கையை வரவழைத்துக்கொள்வது, கவலையை அடக்கிவைப்பது முதலிய வழக்கமான உத்திகள் அவர்களுடைய துயரத்தைக் குறிப்பிடும்படியாகக் குறைக்கவில்லை. காத்திருந்தபோது பதற்றத்தை அனுபவித்தவர்கள், கெட்ட செய்தி வந்தபோது அதை ஓரளவு நன்றாக எதிர்கொண்டார்கள். நல்ல செய்தி வந்தபோது கூடுதலாக மகிழ்ந்தார்கள். பதற்றப்படாமல் காத்திருப்பதே சரியான காத்திருப்பு என்று உங்கள் மகளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்பதை இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். ஸ்வீனியின் பிந்திய ஆய்வுகளில் உதவுவதாகத் தெரிந்தவற்றில் ஒன்று: நேரம் போவதே தெரியாமல் மூழ்கிவிடும் ஒரு செயல். அது வயலினாக இருக்கலாம், சமையலாக இருக்கலாம், ஓட்டமாக இருக்கலாம். எதுவென்று அவளுக்குத்தான் தெரியும். பரீட்சை ஆண்டு என்று சொல்லி நிறுத்திவைத்த ஏதாவது இருந்தால் அதை அவளிடம் திருப்பிக் கொடுங்கள்.

மின்னஞ்சலைப் பற்றிய ஏற்பாட்டை அவளோடு கலந்தே செய்யுங்கள். அழைப்பு எந்த நொடியிலும் வரலாம் என்ற நினைப்பே ஒவ்வொரு நொடியும் பார்க்க வைக்கிறது. ஒவ்வொரு முறை பார்த்து ஏமாறும்போதும் மனம் இன்னும் கொஞ்சம் விறைத்துப்போகிறது. காலையில் ஒரு முறை, பாடசாலை முடிந்து வந்தபின் ஒரு முறை பார்த்தால் போதும். நேர்முகத் தேர்வுக்கான நேரத்தை மாணவரே தெரிவு செய்யும்படி கேட்கும் அழைப்புகளும் உள்ளதால், நாள்கணக்கில் பார்க்காமல் விடுவதும் சரியல்ல. அவள் பார்த்து முடித்ததும் "என்ன, ஏதாவது வந்ததா?" என்று நீங்களோ உங்கள் கணவரோ கேட்பதில்லை என்பது ஏற்பாட்டின் மறுபாதி. வந்தால் அவள் சொல்லாமல் இருக்கப் போவதில்லை. நீங்கள் கேட்கும் ஒவ்வொரு முறையும் "இல்லை" என்ற சொல்லை அவளே தன் வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது. கோயிலில் கேட்பவர்களுக்கு, "முடிவு தெரிந்ததும் நாங்களே சொல்கிறோம்" என்ற ஒரே வாக்கியத்தை வீட்டில் எல்லோரும் சொல்லலாம். அதற்கு மேல் விளக்கம் கொடுக்கும் கடமை உங்களுக்கு இல்லை.

இப்போது, அந்த இரவு. "கிடைக்காவிட்டால்" என்று அவள் தொடங்கியபோது நீங்கள் பேச்சை நிறுத்தியது அன்பினால்தான். கெட்டதை வாயால் சொன்னால் பலித்துவிடும் என்ற அச்சம் நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. போரையும் இடப்பெயர்வையும் கடந்து வந்த குடும்பங்களில் அது இன்னும் ஆழமானது. அதை நான் மூடநம்பிக்கை என்று தள்ளமாட்டேன். ஆனால் 17 வயதுப் பிள்ளையின் காதில் அது வேறு விதமாக ஒலிக்கிறது. "கிடைக்காமல் போவது, அம்மாவால் கேட்கக்கூட முடியாத அளவுக்குப் பயங்கரமானது" என்று அவள் விளங்கிக்கொள்கிறாள். அதன் பிறகு, தன் அச்சத்தோடு உங்கள் அச்சத்தையும் சேர்த்துக் காவல் காக்க வேண்டியவளாகிறாள். அவள் அதற்குப் பிறகு பேசவில்லை என்று நீங்கள் எழுதிய வரிதான் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் பாதித்தது.

ஆகவே அந்தப் பேச்சை நீங்களே மறுபடியும் தொடங்குங்கள். இந்த வாரமே, காரில் போகும்போதோ சமையலறையிலோ, முகத்துக்கு முகம் பார்க்கத் தேவையில்லாத ஒரு நேரத்தில், "அன்றைக்கு நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. கிடைக்காவிட்டால் என்ன செய்யலாம் என்று இருவரும் யோசிப்போமா?" என்று கேளுங்கள். பேசுவதற்கு உண்மையான விடயங்கள் நிறையவே இருக்கின்றன. இந்த நாட்டில் மருத்துவத்துக்கு விண்ணப்பிப்பவர்களின் எண்ணிக்கை இடங்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இருப்பதால், தகுதியுள்ள பலர் முதல் முறையில் இடம் பெறுவதில்லை. ஓராண்டு இடைவெளி எடுத்து, அரச மருத்துவ சேவையான என்.எச்.எஸ்.ஸின் மருத்துவமனையிலோ முதியோர் இல்லத்திலோ பராமரிப்பு உதவியாளராக வேலை செய்துகொண்டே மறுபடி விண்ணப்பிப்பவர்கள் பலர். யூகாட் புள்ளி அந்த விண்ணப்ப ஆண்டுக்கு மட்டுமே செல்லும் என்பதால், அதைக் கோடையில் புதிதாக எழுத வேண்டும். கையில் ஏ லெவல் பெறுபேறு இருக்கும்போது விண்ணப்பிப்பது அவளுக்குப் பலமே. ஐந்தாவது தெரிவில் பட்டம் பெற்ற பின்னர் பட்டதாரிகளுக்கான நான்காண்டு மருத்துவப் படிப்புக்குச் செல்வது இன்னொரு பாதை. அதில் போட்டி மிகக் கடுமை என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். எந்தப் பாதை நல்லது என்று அன்றே முடிவு செய்யத் தேவையில்லை. ஓகஸ்டில் பெறுபேறு வந்த பிறகும் தனக்கு ஒரு வாழ்க்கை இருக்கிறது என்பதை உங்கள் வாயிலிருந்து அவள் கேட்க வேண்டும். "நிச்சயம் கிடைக்கும்" என்ற சொல்லை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அந்த உறுதியை உங்களால் கொடுக்க முடியாது என்பது அவளுக்கும் தெரியும்.

இந்தப் பாதைகள் எல்லாவற்றுக்கும் ஏ லெவல் தரமே வாசல். நாளை அழைப்பு வந்து, இடமும் கிடைத்தால்கூட அது நிபந்தனையோடுதான் வரும். மாதிரிப் பரீட்சையில் இரசாயனவியல் சரிந்ததைக் கண்டிக்கும் தொனியில் பேசாமல், அவளுடைய கையில் இருக்கும் ஒரு காரியமாகப் பேசிப் பாருங்கள்.

மற்ற இரண்டு கேள்விகளுக்கும் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். பல்கலைக்கழகத்துக்கு நீங்கள் தொலைபேசி எடுக்க வேண்டாம். யூகாஸ் விண்ணப்பத்தில் அவள் உங்கள் பெயரைத் தன் சார்பில் பேசக்கூடியவராகக் குறித்திருந்தாலன்றி, அவளுடைய விவரம் எதையும் அவர்கள் உங்களிடம் சொல்லமாட்டார்கள். அவளுக்குத் தெரியாமல் நீங்கள் பேசியதை அவள் பின்னர் அறிந்தால் அது காயப்படுத்தும். பயிற்சி வகுப்புக்கும் இப்போது பணம் கட்டத் தேவையில்லை. பல பீடங்கள் நடத்தும் நேர்முகத் தேர்வு, ஒன்றன்பின் ஒன்றாகச் சிறு நிலையங்களுக்குச் சென்று சில நிமிடங்கள் வீதம் பேசும் எம்.எம்.ஐ. முறையிலானது. மனப்பாடம் செய்த விடை அங்கே எளிதில் வெளிப்பட்டுவிடும். அப்பப்பாவின் படுக்கையருகில் அவள் எதைக் கண்டாள், அதில் எது அவளைத் தொட்டது என்று அவளே சொந்த வார்த்தைகளில் சொல்லிப் பழகுவது எந்த வகுப்பையும்விடப் பெறுமதியானது. அதை நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தாலே போதும்.

கடைசியாக, "நான் என்ன ஆவேன்" என்ற அவளுடைய வார்த்தையை நான் சாதாரணமாகக் கடந்துபோக விரும்பவில்லை. பெரும்பாலும் அது எதிர்காலத்தைப் பற்றிய கவலையாகவே இருக்கும். இருந்தாலும், வாழ்வதில் பயனில்லை என்ற எண்ணம் எப்போதாவது வந்ததா என்று அவளிடம் நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, மனதில் இருப்பதைச் சொல்ல அவளுக்கு வழி கிடைக்கும். ஆம் என்றாலோ, நித்திரை கெட்டாலோ, சாப்பாட்டு மேசையிலிருந்து ஒதுங்குவது இன்னும் இரண்டு வாரம் நீடித்தாலோ, அவளைக் குடும்ப வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். பாடசாலையில் மாணவர் நலனுக்குப் பொறுப்பான ஆசிரியரிடமும் சொல்லுங்கள். மனம் சோர்ந்தவர்களின் பேச்சைக் கேட்கும் சமரிட்டன்ஸ் அமைப்பின் 116 123 என்ற இலவச எண் இரவும் பகலும் திறந்திருக்கிறது. அவளும் பேசலாம், நீங்களும் பேசலாம்.

அன்புடன்,
ஆலோசகர்