ஸ்டாப்லாஸில் கை வைக்காதீர்கள்

கேள்வி: டே டிரேடிங் (பங்குகளை அன்றைக்கே வாங்கி அன்றைக்கே விற்பது) தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. சந்தை திறந்ததும் அவசரப்பட்டு வாங்கிவிடுகிறேன், விலை இறங்கினால் ஸ்டாப்லாஸை (இந்த விலைக்கு இறங்கினால் விற்றுவிடு என்று முன்கூட்டியே வைக்கும் ஆர்டர்) கீழே தள்ளிவிடுகிறேன். கட்டுப்பாடு எப்படி வரும்?

பதில்: முதலில் அந்த ஸ்டாப்லாஸ், ஏனென்றால் உங்கள் பணம் போவது அங்கேதான். 100-க்கு வாங்கி 98-ல் வைத்தீர்கள், விலை 98.20-க்கு வந்ததும் 'கொஞ்சம் இடம் கொடுப்போம்' என்று 96-க்கு மாற்றினீர்கள். ஒரே நொடியில், ஏற்றுக்கொண்ட நஷ்டம் இரட்டிப்பாகிவிட்டது. முதலீட்டில் 20 சதவீதம் போனால் பழைய நிலைக்கு வர 25 சதவீதம் சம்பாதிக்க வேண்டும், பாதி போனால் 100 சதவீதம். அதனால் ஒரு டிரேடில் மொத்த முதலீட்டில் 1 சதவீதத்துக்கு மேல் இழக்காதபடி அளவை முடிவு செய்யுங்கள். முதலீடு 50,000, ஒரு பங்குக்கு ரிஸ்க் (வாங்கிய விலைக்கும் ஸ்டாப்லாஸுக்கும் உள்ள வித்தியாசம்) 2 என்றால் 250 பங்கு, அவ்வளவுதான்.

சரி, நேரம். சந்தை மூடியிருந்தபோது தேங்கிய ஆர்டர்களும் வந்த செய்திகளும் திறந்தவுடன் ஒன்றாக மோதுகின்றன, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி அகலமாக இருக்கும். புதியவர்கள் முதல் 15 நிமிடமாவது கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

அப்புறம், வாங்கும் முன்பே காரணத்தையும் வெளியேறும் விலையையும் நோட்டில் எழுதுங்கள். எழுத ஒன்றுமில்லை என்றால் வாங்காதீர்கள். அடுத்தடுத்து இரண்டு நஷ்டம் வந்தால் அன்றைக்குத் திரையை மூடிவிடுங்கள், விட்டதைப் பிடிக்கப் போகும் மூன்றாவது டிரேடுதான் பெரும்பாலும் பெரிதாகக் கடிக்கும்.