கராஜ் சேலில் வாங்கிய டிலன் ஒத்திகை டேப்பை விற்கலாமா?

கேள்வி: நியூஜெர்சியில் வசிக்கிறேன். பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் வீட்டைக் காலி செய்தபோது, கராஜ் சேலில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய கேசட் வாங்கினேன். நான்கைந்தின் மேல் பேனாவால் ‘டிலன், ஒத்திகை, சான்டா மோனிகா, 78’ என்று எழுதியிருக்கிறது. போட்டுக் கேட்டால் அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் குரலேதான். பாதியில் நிறுத்துகிறார், ஏதோ சொல்கிறார், அதே பாட்டை வேறு வேகத்தில் ஆரம்பிக்கிறார். இதை ஈபேயில் விற்கலாமா? காசு வாங்காமல் யூடியூபில் போட்டால் தப்பா? சென்னையில் இருக்கும் தம்பியைப் போடச் சொன்னால்? 45 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதே, இன்னுமா உரிமை இருக்கும்?

பதில்: விற்காதீர்கள், யூடியூபிலும் போடாதீர்கள். வீட்டில் கேட்டதற்காகப் பயப்பட வேண்டாம்.

கடையில் வந்த பழைய டிலன் ஆல்பமாக இருந்தால் தாராளமாக விற்றிருக்கலாம். வாங்கிய பிரதியை மறுபடி விற்க அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 109ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் அந்தப் பிரதி சட்டப்படி தயாரானதாக இருக்க வேண்டும். உங்கள் சிக்கலே அங்கேதான்.

1978 பிப்ரவரியில் டோக்கியோவில் தொடங்கிய உலகச் சுற்றுப்பயணத்துக்கு முன் டிலன் குழுவினர் சான்டா மோனிகாவில்தான் ஒத்திகை பார்த்தார்கள். அந்த டேப்புகளின் நகல்கள் ரசிகர்களிடையே ரொம்ப நாளாகச் சுற்றுகின்றன. உங்களிடம் இருப்பது எந்த வகை? யாராவது சம்மதமில்லாமல் பதிவு செய்திருந்தால் 1101ஆம் பிரிவு பாயும். அப்படி எடுத்ததைப் பிரதி எடுப்பது, விற்பது மட்டுமல்ல, ‘விற்பனைக்கு’ என்று விளம்பரம் போடுவதே குற்றச்சாட்டுக்குப் போதும். இந்தப் பிரிவு 1994 டிசம்பர் 8இல்தான் வந்தது. ஆனாலும் அந்தத் தேதிக்குப் பிறகு நடக்கும் விற்பனைக்கு இது பொருந்தும்; பதிவு 1978இல் நடந்தது என்பது உங்களைக் காப்பாற்றாது. இந்த உரிமைக்குச் சட்டம் காலவரம்பே சொல்லவில்லை. அதைக் காரணம் காட்டி 2004இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று இதன் குற்றவியல் பிரிவைச் செல்லாது என்றது. 2007இல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு நிற்கவில்லை. பண லாபத்துக்காகச் செய்தால் முதல் தடவைக்கே 5 ஆண்டு வரை சிறை உண்டு.

ஒத்திகைக்கு ரசிகர்கள் யாரும் வரவில்லையே என்று வாதாடலாம். சட்டத்தில் இருப்பது ‘நேரடி இசை நிகழ்ச்சி’. எதிரே கூட்டம் இருக்க வேண்டும் என்று அதில் இல்லை. அந்த வாதத்தை நம்பி ஈபேயில் போடச் சொல்ல எனக்கு மனம் வராது.

இல்லை, குழுவினரே பதிவு செய்து, பிறகு வெளியே கசிந்தது என்றால்? அப்போது வழக்கமான பதிப்புரிமையே இருக்கிறது. மூல டேப்பே திருட்டுப் போனதாக இருந்தால் நல்லெண்ணத்தோடு வாங்கினாலும் அந்தப் பொருள்கூட உங்களுடையதாகாது.

கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவை நினைத்துக்கொண்டு பலர் இதில் ஏமாறுகிறார்கள். அவர்கள் 1984இல் பதிவு செய்யும் ரசிகர்களுக்குத் தனி இடமே ஒதுக்கினார்கள். அது அவர்கள் தங்கள் கச்சேரிக்குக் கொடுத்த அனுமதி. டிலன் அப்படிக் கொடுக்கவில்லை.

காசு வாங்காவிட்டால் சிறை பயம் குறையும், ஆனால் நஷ்டஈட்டு வழக்கு வரும் அபாயம் நீங்காது. டிலன் பாடல்களின் உரிமையை 2020இல் யுனிவர்சல் இசை நிறுவனம் வாங்கியது. ஒலிப்பதிவு உரிமைகளை வாங்கியதாக 2022இல் சோனி அறிவித்தது. 2019இல் வெளியான டிலனின் 14 சிடி பெட்டியில் 1975 சுற்றுப்பயணத்தின் ஒத்திகைகளே மூன்று சிடி. ஒத்திகைக்கும் விலை உண்டு என்று தெரிந்தவர்கள் சும்மா இருப்பார்களா? புகார் கொடுத்தால் யூடியூப் வீடியோவை எடுத்துவிடும். மூன்று முறை ஆனால் சேனலே போய்விடும்.

தம்பியை இதில் இழுக்காதீர்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 38ஆம் பிரிவில் நிகழ்த்துகலைஞருக்கு 50 ஆண்டு உரிமை உண்டு. 1978 நிகழ்ச்சிக்கு அது 2028 முடியும் வரை. அதன் பிறகும் பாடல் மீதான உரிமை, எழுதியவர் காலம் முடிந்து 60 ஆண்டு வரை தொடரும். 63ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை. அது போலீஸ் வாரன்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று 2022இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. நீங்கள் அமெரிக்காவில் பத்திரமாக இருக்க, அவர் ஸ்டேஷனுக்கு அலைய வேண்டுமா?

சரி, அப்புறம் என்னதான் செய்வது? ஒரு கலைஞன் பாட்டை உடைத்து உடைத்துக் கட்டும் நேரம் அந்த நாடாவில் இருக்கிறது. அது குப்பைக்குப் போகக் கூடாது. ஓக்லஹோமாவின் டல்சா நகரில் டிலன் ஆவணக் காப்பகம் இருக்கிறது. 2022இல் அங்கே பொதுமக்களுக்கான மையமும் திறந்தார்கள். வழக்கறிஞர் மூலம், முதலில் உங்கள் பெயரைச் சொல்லாமல், இப்படி ஒரு பொருள் இருக்கிறது, ஒப்படைக்க விரும்புகிறோம் என்று எழுதுங்கள். பதில் வரும்வரை டேப்பை அனுப்ப வேண்டாம். பாதுகாப்புக்கு என்று டிஜிட்டலாகவும் மாற்றாதீர்கள், அதுவும் பிரதி எடுப்பதுதான். ஸ்பீக்கர், வெயில், ஈரம் மூன்றும் அண்டாத அலமாரியில் வையுங்கள்.

அதற்கு முன் அந்தப் பெரியவரைப் பார்த்து, இது அவர் கைக்கு எப்படி வந்தது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அதையும் லேபிள்களின் படத்தையும் அனுப்பினால் கடிதத்தை நானே எழுதித் தருகிறேன்.