வகுப்பில் இங்கிலீஷில் நடத்தும் பாடத்தை வீட்டில் தமிழில் பேசினால் குழந்தை குழம்புமா?

நீங்கள் கேட்டது: மகள் மும்பையில் ஆங்கில வழிப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அந்த வாரம் மொழிப்பாடத்திலும் கணக்கிலும் என்ன நடத்தினோம் என்று வெள்ளிக்கிழமைதோறும் டீச்சர் ஒரு தாள் அனுப்புகிறார். வீட்டில் பேச்சு தமிழ். அந்தத் தாளைத் தமிழில் சொல்லிக் கொடுத்தால் குழந்தை குழம்பிவிடுமா, வீட்டிலும் இங்கிலீஷுக்கு மாறிவிட வேண்டுமா?

தமிழிலேயே பேசுங்கள். மும்பை சயான் பக்கத்தில் ஒரு பள்ளியில் 14 வருஷமாக ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். அந்த வெள்ளிக்கிழமைத் தாளை எழுதி அனுப்புகிறவளாகத்தான் இதைச் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் நான் வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன். பெற்றோர் கூட்டத்தில், தாராவியிலிருந்து வந்த ஒரு அம்மாவிடம், "வீட்டுலயும் இங்கிலீஷ்லயே பேசுங்க, அப்பத்தான் பையனுக்கு வரும்" என்றேன். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பையன் இரண்டு மூன்று மாதத்தில் வகுப்பில் வாயே திறப்பதில்லை. அம்மாவைக் கூப்பிட்டு விசாரித்தேன். "நீங்க சொன்னதுலேருந்து தமிழ்ல பேசுறதில்ல டீச்சர். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷு கம், ஈட், ஸ்லீப்தான். கதை சொல்றதையும் விட்டுட்டேன்" என்றார். ராத்திரிக் கதை, கடைக்கு நடந்து போகும்போது கேட்கிற நூறு கேள்வி, எல்லாவற்றையும் என் ஒரு வார்த்தை நிறுத்திவிட்டது. அன்றைக்கே அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பழையபடி தமிழில் பேசச் சொன்னேன். பையன் மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்தான். அதற்குப் பிறகு எந்தப் பெற்றோரிடமும் நான் அப்படிச் சொன்னதில்லை.

சரி, உங்கள் தாளுக்கு வருவோம். மொழிப்பாடத்தில் அந்த வாரத்துக் கதை, புதுச் சொற்கள், டிக்டேஷன் இருக்கும். கதையை மகளிடம் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். "முதல்ல என்ன நடந்துச்சு? அப்புறம்? அவன் ஏன் அழுதான்?" இவ்வளவு கேட்டால் போதும். தமிழில் தெளிவாகச் சொல்கிறாள் என்றால் கதை புரிந்திருக்கிறது. இங்கிலீஷ் சொற்கள்தான் பாக்கி, அவை வந்துவிடும். மடமடவென்று இங்கிலீஷில் வாசித்துவிட்டுத் தமிழில் ஒரு வரி சொல்ல முடியவில்லை என்றால் எழுத்துக்கூட்டத்தான் தெரிந்திருக்கிறது, கதை உள்ளே போகவில்லை. எனக்குக் கவலை தருவது இந்த இரண்டாவது வகைதான். வகுப்பில் இருக்கிற 40 பேரில் யார் எந்த வகை என்று என்னால் எப்போதும் கண்டுபிடிக்க முடியாது. நீங்கள் அஞ்சு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

டிக்டேஷனில் 'பிக்' என்று நான் சொன்னால் பெரியது என்கிற big எழுதுவதா பன்றி என்கிற pig எழுதுவதா என்று சில தமிழ்ப் பிள்ளைகள் தடுமாறுவார்கள். நம் எழுத்தில் இரண்டு ஒலிக்கும் ஒரே 'ப'தான், அதனால் வருகிற தடுமாற்றம் இது. திட்டாதீர்கள். இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றிச் சொல்லிக் காட்டுங்கள், 'கம்பம்' என்று சொல்லும்போது நடுவில் வருகிற ஒலிதான் அந்த big-இன் முதல் ஒலி என்று சொன்னால் பிடித்துக்கொள்வாள்.

கணக்கில்தான் தமிழ் உங்களுக்குப் பெரிய துணை. 25 என்பதை மராத்தியில் 'பஞ்சவீஸ்' என்பார்கள். காதில் முதலில் விழுவது அஞ்சு, பிறகுதான் இருபது. கேட்டபடி எழுதுகிற பிள்ளை 52 என்று எழுதிவிடும். 49 இன்னும் சிக்கல்: 'ஏகோணபன்னாஸ்', அதாவது ஐம்பதுக்கு ஒன்று குறைவு. இந்தியிலும் அதே கதைதான், 'உன்சாஸ்'. இங்கிலீஷில் தர்ட்டீனும் தர்ட்டியும் பிள்ளைகளைப் படுத்தும் பாடு எல்லா டீச்சருக்கும் தெரியும். தமிழில் 'இருபத்தைந்து' என்று சொல்லும்போதே இரண்டு முதலில், ஐந்து அடுத்து. எழுதுகிற வரிசையும் அதுவே. தாளில் பிளேஸ் வேல்யூ (இடமதிப்பு) என்று போட்டிருக்கும் பாடம் முழுவதும் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. 2019-இல் மகாராஷ்டிரப் பாடநூல் நிறுவனமான பாலபாரதி, இரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 21-ஐக் குறிக்கும் 'ஏக்வீஸ்' என்பதை, இருபதை முதலில் வைத்து, 'வீஸ் ஏக்' என்று வாசிக்கிற முறையைக் கொண்டுவந்தது. பெரிய சர்ச்சையாகிச் சட்டசபை வரை போனது. கணக்குப் பாடநூல் குழுவுக்குத் தலைமை தாங்கிய கணித அறிஞர் மங்களா நார்லீகர், குழந்தைகளுக்கு இது எளிது என்று விளக்கினார். அவர் கேட்ட அந்த வரிசை நம் வீட்டுப் பேச்சில் முன்னாலிருந்தே இருக்கிறது. அதை விட்டுவிடச் சொன்னால் எனக்கு மனசு ஆறாது.

ஒரு இடத்தில் மட்டும் தமிழும் சறுக்கும். தொண்ணூற்று மூன்று என்றதும் 'நூறு' காதில் விழுந்து 103 என்று எழுதுகிற பிள்ளை உண்டு. எண்பதுக்கு அடுத்த பத்து அதுதான் என்று பத்துப் பத்தாக எண்ணிக் காட்டுங்கள்.

கடன் வாங்கிக் கழிப்பது தாளில் வருகிற வாரம் தென்னந்துடைப்பத்தில் ஈர்க்குச்சி ஒடித்து, பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு வையுங்கள். 42-இல் 17 போக வேண்டும். நாலு கட்டு, இரண்டு உதிரி. இரண்டில் ஏழு போகாது. "ஒரு கட்டைப் பிரிச்சுச் சில்லறையா மாத்திக்கலாமா?" என்று கேளுங்கள். கடைக்குப் போய்ப் பழகிய மும்பைப் பிள்ளைக்கு 'சில்லறை' உடனே புரியும்; 'கடன்' என்றால் எப்போது திருப்பிக் கொடுப்பது என்று கேட்கும். கட்டைப் பிரித்தால் மூன்று கட்டு, 12 உதிரி. ஏழை எடுத்தால் அஞ்சு, ஒரு கட்டை எடுத்தால் இரண்டு கட்டு. பிரிக்கிற வேலையை அவள் விரல்தான் செய்ய வேண்டும். ரப்பர் பேண்டைக் கழற்றும் அந்த நொடியில் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும், பாருங்கள்.

மும்பை நகரப் பேருந்தான பெஸ்ட் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் விடாதீர்கள். முகப்பில் எண் மராத்தியில் இருக்கும், பக்கவாட்டில் இங்கிலீஷில். மராத்தி ஒன்று நம் 9 மாதிரியே இருக்கும், முதலில் தப்பாகத்தான் படிப்பாள். பஸ் திரும்பும்போது பக்கத்தைப் பார்த்து அவளே திருத்திக்கொள்ளட்டும்.

எங்கே நிற்கிறாள் என்று அளந்து பார்க்க ஆசை என்றால், 2021 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய நிபுண் பாரத் திட்டம் இரண்டாம் வகுப்பு முடிவுக்கு வைத்த இலக்கைப் பாருங்கள்: நிமிஷத்துக்கு 45 முதல் 60 சொல் புரிந்து வாசிப்பது, 999 வரை எண் தெரிவது, 99 வரை கழித்தல். இவ்வளவுதான். இதற்கு டியூஷன் வேண்டாம், தனியாகப் பயிற்சிப் புத்தகமும் வேண்டாம்.

நான் 4ஆம் வகுப்பு வரை மும்பை மாநகராட்சியின் தமிழ் வழிப் பள்ளியில் படித்தவள். 8 மொழிகளில் பள்ளி நடத்துகிற மாநகராட்சி இது. வாய்ப்பாடு முழுக்கத் தமிழில்தான் மனப்பாடம். இன்றைக்கும் கரும்பலகையில் இங்கிலீஷில் எழுதிக்கொண்டே மனசுக்குள் 'ஏழெட்டு ஐம்பத்தாறு' என்றுதான் பெருக்குகிறேன்.

இந்த வாரத் தாள் வந்ததும், மகள் எங்கே தடுமாறினாள் என்று பின்பக்கம் இரண்டு வரி எழுதித் திங்கட்கிழமை கொடுத்தனுப்புங்கள். இங்கிலீஷ் சரளமாக வராவிட்டால் இந்தியில், மராத்தியில், எப்படி வருகிறதோ அப்படி எழுதுங்கள். அந்த வாரப் பாடத்தை அதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று டீச்சருக்கும் தெரியும்.