எம்5 மக் மினி என்ன விலைக்கு வரும், என்ன ஸ்பெக் இருக்கும்? கிளிநொச்சியில் இருக்கிற நான் அதுவரை பொறுக்கலாமா?

மக் மினி என்பது அப்பிளின் சின்னப் பெட்டிக் கொம்பியூட்டர், எம்4, எம்5 என்பவை அதற்கு மூளையான சிப்பின் தலைமுறைகள். அமெரிக்க விலையை என் கணக்கில் இப்பவே சொல்லலாம்: 599 டொலர், கூடினால் மேலே ஒரு நூறு. ஸ்பெக்கையும் பெரும்பாலும் சொல்லலாம், எம்5 சிப் 2025 ஒக்டோபரிலேயே மக்புக் புரோவில் வந்துவிட்டதே. சொல்ல முடியாதது ஒன்றுதான், அந்த 599 கொழும்பில் ஒரு கடைக்காரரின் மேசையைத் தாண்டி ஏ9 வீதியால் வந்து சேரும்போது எவ்வளவாகும் என்பது. கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதின விபரத்தில் அப்பிள் எவ்வளவு போடும் என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறீர்கள். கடைக்காரர் எவ்வளவு போடுவார் என்று ஒரு இடத்திலும் கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அதே விபரத்தில் ரெண்டரிங், புரொஜெக்ட் என்றெல்லாம் எழுதியிருப்பதால் அறிவியல் நகர் பொறியியல் பீடத்துப் பிள்ளை என்று நினைக்கிறேன். இல்லையென்றால் குறை நினைக்காதேங்கோ.

எனக்குப் பரந்தன் பக்கம் வீடியோக் கடை. கலியாணம், சாமத்திய வீடு, கோயில் திருவிழா எல்லாம் எடுப்போம். அப்பிளுக்குக் கொடி பிடிக்கிற ஆள் இல்லை, கடையில் இன்னும் ஒரு விண்டோஸ் மிசினும் ஓடுகிறது. ஆனால் 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அப்ப என்னிடம் இருந்தது பெரிய கிராபிக் கார்ட் போட்ட டவர் கொம்பியூட்டர். எக்ஸ்போர்ட் போட்டால் யூபிஎஸ் கத்திக்கொண்டே கொஞ்ச நேரத்தில் படுத்துவிடும். ஜெனரேற்றர் இருந்தது, அதற்கு ஊற்றப் பெற்றோல் இல்லை. அதற்குப் பிறகு எந்த மிசினைப் பார்த்தாலும் எனக்கு முதல் கேள்வி எத்தனை வாட்ஸ் என்பதுதான். யாழ்ப்பாணத்திலும் கரண்ட் போனதுதானே என்று சிலர் எழுதுவீர்கள். போனதுதான். ஆனால் யுத்தம் முடியும்வரை மண்ணெண்ணெய் விளக்கிலும் ஜெனரேற்றரிலும் இருந்த வன்னிச் சனத்துக்கு கரண்ட் என்றால் வந்த விருந்தாளி மாதிரி, எப்ப எழும்பிப் போகும் என்று ஒரு கண் வைத்துக்கொண்டேதான் இருப்போம்.

2024இல் எம்4 மினி வர முதல் நடந்த கதைக்கு வருகிறேன். அந்த வருசம் மே மாதம் எம்4 சிப் ஐபாட் புரோவில் வந்தது. ஜூனில் அப்பிள் தன் ஏஐ சமாச்சாரத்தை அறிவித்தது. அந்த வேலைக்கு 8 ஜிபி றாம் (வேலை நடக்கும்போது பாவிக்கிற நினைவகம்) இழுபறி என்று எனக்கு அப்பவே பட்டது. மினியின் பழைய விலைகளையும் எடுத்துப் பார்த்தேன். 2005இல் 499 டொலருக்குத் தொடங்கியது, 2018இல் 799க்கு ஏறி, 2020இல் 699, 2023இல் 599 என்று இறங்கி வந்திருந்தது. இறக்கின விலையைச் சும்மா ஏற்ற மாட்டார்கள் என்று கணக்குப் போட்டு, கடைக் கலண்டரில் "599, 16 ஜிபி" என்று எழுதி வைத்தேன். வந்து போன எல்லாரும் சிரித்தார்கள். மச்சான் ஒருபடி மேலே போய், "அப்பிள்காரன் உங்களைக் கேட்டே விலை போடுறான் அத்தான்?" என்றான். ஒக்டோபர் 29 அறிவித்தார்கள். 599 டொலர், 16 ஜிபி. அந்தக் கலண்டர் தாளைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன், பெருமை என்றால் பெருமைதான்.

இதற்கிடையில் கொழும்பில் ஒரு கடை, பெயர் வேண்டாம், அறிவிப்பு வர முதலே அட்வான்ஸ் வாங்கத் தொடங்கியது. "எதிர்பார்க்கும் விலை" என்று ஒரு தொகையைப் போட்டிருந்தார்கள், என் கணக்கை விட எக்கச்சக்கம். புதுக்குடியிருப்பில் எங்களோடு தொழில் செய்கிற ஒரு தம்பி அவசரப்பட்டுக் கட்டிவிட்டான். சாமான் வந்தபோது அந்தத் தொகைக்கும் மேலே கேட்டார்கள். கேட்டதற்குச் சொன்ன காரணம் "டொலர் ஏறிட்டுது". அந்த வருசம் டொலர் 320 சொச்சத்தில் இருந்து 290 பக்கம் இறங்கியிருந்தது! பேப்பர் பார்க்கிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். துண்டைத் திருப்பிப் பார்த்தால் "விலை மாற்றத்துக்குட்பட்டது" என்று எறும்பெழுத்தில் இருக்கிறது, அதுவும் ஆங்கிலத்தில். அட்வான்ஸைத் திருப்பி வாங்கப் பெடியன் பட்ட பாட்டை அவனே எழுதினால்தான் தெரியும்.

இதைச் சொல்ல வந்தால் இன்னொரு வயிற்றெரிச்சலும் வருகிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லை, மன்னியுங்கோ. மிசினுக்கு இரண்டு லட்சம், கமராவுக்கு அதைவிடக் கூட என்று நாங்கள் கொட்டுகிறோம். சாமத்திய வீட்டுக்காரர் மண்டபச் சோடினைக்கு வாய் திறக்காமல் லட்சக்கணக்கில் கொடுப்பார்கள். பூ அடுத்த நாள் காலமை வாடிவிடும். வீடியோவுக்கு வந்தவுடன், "தம்பி, கொம்பியூட்டர் தானே செய்யுது, கொஞ்சம் குறையுங்கோ" என்பார்கள். கொம்பியூட்டர் தானாகச் செய்தால் நான் ஏன் விடிய இரண்டு மணிக்கு சுவிஸில் இருக்கிற பெரியம்மாவின் முகம் வடிவாக வரவில்லை என்று திருத்திக்கொண்டு இருக்கிறேன்? சரி, விடுவோம்.

என் மினியை 2024 கடைசியில் ரொறன்ரோவில் இருந்து வந்த சித்தப்பாவின் மகன் கொண்டுவந்தான். அங்கே 799 கனேடிய டொலர், 13 வீத வரியோடு 900 சொச்சம். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறையில் குரங்கு பாய்ந்து நாடு முழுக்கக் கரண்ட் போனது ஞாபகம் இருக்குமே? தை மாதக் கலியாண வீடியோ ஒன்று எக்ஸ்போர்ட் ஆகிக்கொண்டிருந்தது. மொனிற்றரை நிப்பாட்டிவிட்டு மினியை மட்டும் சின்ன யூபிஎஸ்ஸில் விட்டேன். முடித்துவிட்டுத்தான் அணைந்தது. எம்4 மினி உச்சத்தில் எடுப்பதே 65 வாட்ஸ், சும்மா இருந்தால் 4 வாட்ஸ் அளவு. பழைய டவரில் அன்றைக்கு வேலையும் போயிருக்கும், மானமும் போயிருக்கும்.

இனி எம்5. சிபியூ (பொது வேலைக்கு), ஜிபியூ (படம், வீடியோவுக்கு) இரண்டிலும் பத்துப் பத்துக் கோர், எம்4 மினியில் இருக்கிற அதே எண்ணிக்கை. வித்தியாசம் உள்ளே: நினைவக வேகம் செக்கனுக்கு 120 ஜிபியில் இருந்து 153க்கு ஏறியிருக்கிறது, ஏஐ வேலைக்கு ஜிபியூ கோர் ஒவ்வொன்றிலும் தனிப்பகுதி வைத்திருக்கிறார்கள். பெட்டியை 2024இல்தான் 12.7 சென்ரிமீற்றர் சதுரமாகச் சுருக்கினார்கள், உடனே மாற்ற மாட்டார்கள் என்பது என் எண்ணம். ஒன் பண்ணுகிற பொத்தானை அடியில் கொண்டுபோய் வைத்த கூத்தும் தொடரும். பயம் ஒன்றில்தான். 2025 கடைசியில் இருந்து ஏஐ டேற்றா சென்ரர்காரர் மெமரியை அள்ளிக்கொண்டு போக, றாமும் எஸ்எஸ்டி என்கிற சேமிப்பும் விலை ஏறிவிட்டன. மலிவான குட்டிக் கொம்பியூட்டர் செய்கிற ராஸ்பெரி பைக்காரரே விலையைக் கூட்டினார்கள். அப்பிள் 599 என்ற பலகையைக் கழற்றாது என்றுதான் நினைக்கிறேன். கழற்றினால் 256 ஜிபி எஸ்எஸ்டியைத் தூக்கிவிட்டு, 512இல் தொடங்கி, "கூடத் தருகிறோம்" என்று சொல்லித்தான் கூட்டும். கலண்டரில் இதையும் எழுதியிருக்கிறேன், பிழைத்தால் வந்து ஏசுங்கோ.

ரூபாய்க்கு வாருங்கோ. டொலர் 300 என்று வைத்தால் 599க்கு 1,79,700. 18 வீத வற் வரி போட்டால் 2,12,000 சொச்சம். வேறு சில்லறை வரிகளும் கொஞ்சம் சேரும். அதற்கு மேலே கேட்பது கடைக்காரரின் இலாபம். கடை வைத்தவர் இலாபம் வைக்கட்டும், ஆனால் எவ்வளவு வைக்கிறார் என்று தெரிந்துகொண்டு காசைக் கொடுங்கோ. விலை அறிவிக்க முதல் ஆருக்கும் அட்வான்ஸ் கட்டவேண்டாம்.

பொறுக்கலாமா என்றால், இப்ப இருக்கிற மிசின் ஓடுகிறதென்றால் பொறுங்கோ. படுத்துவிட்டதென்றால் எம்4ஐ வாங்கி வேலையைப் பாருங்கோ. 2023இல் எம்3 சிப் வந்தபோது மினிக்கும் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு எம்3 மினி வரவே இல்லை. எதை எடுத்தாலும் றாமைப் பிறகு கூட்ட முடியாது, அதனால் மேலதிகக் காசு இருந்தால் றாமுக்குப் போடுங்கோ. எஸ்எஸ்டிக்கு வெளியே ஒன்று கொழுவிச் சமாளிக்கலாம், நான் அப்படித்தான் ஓடுகிறேன். பொறியியல் படிக்கிறீர்கள் என்றால் வாங்க முதல் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கோ: பொறியியல் வரைபடம் போடுகிற சொலிட்வேர்க்ஸ் மென்பொருள் மக்கில் ஓடாது. மற்லாப், ஓட்டோகாட் இரண்டும் ஓடும். உங்கள் பாடத்துக்கு சொலிட்வேர்க்ஸ்தான் வேண்டுமென்றால் இவ்வளவு நேரம் நான் எழுதினது உங்களுக்கு உதவாது, அதே காசுக்கு ஒரு விண்டோஸ் மினி பிசி பாருங்கோ.

வெளிநாட்டில் இருந்து ஆரும் கொண்டுவந்தால் பிளக்கைப் பார்த்துப் பயப்படவேண்டாம், பெட்டி 240 வோல்ற் வரை தாங்கும். பின்னால் கொழுவுவது பழைய டிவிடி பிளேயருக்கு வருகிற எட்டு வடிவ வயர்தான், எங்கள் பிளக் உள்ளதாக ஒன்று வாங்கி மாற்றினால் சரி. சாதாரண யூஎஸ்பி ஓட்டை ஒன்றும் இல்லை, எல்லாம் சீ ரகம். கீபோர்ட் பழசென்றால் அதற்கும் ஒரு அடப்டர் சேர்த்துச் சொல்லிவிடுங்கோ.