ஆமை வயிற்றில் தேரை: விலங்கு வடிவ மண் தொட்டிகள் பற்றிக் கேள்வி பதில்

புதுச்சேரியில் வில்லியனூர்ப் பக்கம் சொந்தமாகச் சூளை வைத்து விலங்கு வடிவப் பூந்தொட்டிகள் செய்துவருகிறேன். ஆமை, பன்றி, யானை, ஆந்தை. முதுகில் செடி, வயிற்றில் பொந்து. அந்தப் பொந்துக்குள் தேரையோ குருவியோ தேனீயோ குடிவர வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவு மெனக்கெடல். கேள்விகள் நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

தாம்பரம்: அக்கா, சந்தையில் வாங்கிய மண் ஆமைத் தொட்டி ஒன்று சும்மா கிடக்கிறது. ஓட்டை போட்டுத் தேரைக்கு வீடாக்க முடியுமா?

முடியும். முந்தின இரவே தண்ணீரில் ஊறப்போடுங்கள். சுவருக்குப் போடும் டிரில் பிட்டால், ஹாமர் மோடை அணைத்துவிட்டு, வட்டமாகச் சின்னச் சின்னத் துளைகள் போட்டு நடுத்துண்டை மெல்லத் தட்டி எடுங்கள். உளியும் சுத்தியலும் வேண்டாம், ஆமை இரண்டாகிவிடும். வாசல் நான்கு விரல் அகலம், மூன்று விரல் உயரம் போதும்.

வாசலைவிட அடிப்பாகம்தான் முக்கியம். தேரை வீட்டுக்குத் தரை கூடாது. தேரை நம்மைப் போல வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றுத் தோலை ஈர மண்ணில் ஒட்டவைத்து உறிஞ்சிக்கொள்ளும். நான் செய்த முதல் ஆமைக்கு வழவழவென்று தரை வைத்திருந்தேன். ஆறு மாதம் யாரும் எட்டிப்பார்க்கவில்லை. ஒரு நாள் எரிச்சலில் தரையைத் தட்டி உடைத்து, வெறும் ஓட்டைப் பவழமல்லி நிழலில் கவிழ்த்து வைத்தேன். ஐப்பசியில் இரண்டு மழைக்கு அப்புறம் பார்த்தால், ஒரு தேரை பின்னங்காலால் மண்ணைத் தள்ளித் தள்ளிப் பாதி உடம்பைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. தலையும் கண்ணும்தான் வெளியே.

இன்னொன்று: முதுகில் இருக்கும் செடியின் வடிகால் துளை, பொந்தின் நடுவில் சொட்டக் கூடாது. பின்சுவர் ஓரமாகக் கசிந்தால் மண் ஈரமாகவே இருக்கும், குடியிருப்பவர் தலையில் ஒழுகாது.

மதுரை: தேரை வந்தால் பின்னாடியே பாம்பு வருமே? வீட்டில் மாமியார் விடமாட்டேன் என்கிறார்.

மாமியார் கேட்பது நியாயம்தான். வரவே வராது என்று நான் சொன்னால் அது பொய். சாரையும் தண்ணீர்ப் பாம்பும் தேரை தின்னும், நல்ல பாம்பும் தின்னும். ஆனால் பாம்பை வீட்டை ஒட்டி இழுப்பது பெரும்பாலும் எலி. சிந்திய அரிசி, கோழித் தீவனம், குப்பை மேடு, அடுக்கிவைத்த செங்கல் இவற்றை முதலில் ஒழியுங்கள். வாசலைச் சின்னதாக வைத்தால் பாம்பு நுழையாது என்று சிலர் சொல்வதையும் நம்பாதீர்கள். குட்டிப் பாம்புக்கு விரல் நுழையும் இடம் போதும்.

தொட்டியை வீட்டு வாசலிலிருந்து பதினைந்து அடியாவது தள்ளி, சுற்றிலும் வெட்டவெளியாகத் தெரியும் இடத்தில் வையுங்கள். பொந்துக்குள் ஒருபோதும் கை விடாதீர்கள், டார்ச் அடித்துப் பாருங்கள். தூக்கவேண்டி வந்தால் எதிர்ப்பக்க விளிம்பில் மண்வெட்டியைக் கொடுத்து தொட்டியை உங்களை நோக்கிச் சாய்த்துக்கொள்ளுங்கள். அப்போது இடைவெளி எதிர்ப்பக்கம் திறக்கும், உள்ளே என்ன இருந்தாலும் அந்தப் பக்கமாக ஓடும், நடுவில் தொட்டி இருக்கும். தேளுக்கும் பூரானுக்கும் இதே முறைதான்.

இருட்டில் வெறுங்காலோடு ஓடும் குழந்தைகள் வீட்டில் இருந்தால் தேரை ஆமை வேண்டாம். கீழே ஆந்தை வடிவக் குருவிக்கூடு பற்றி எழுதியிருக்கிறேன், அதைச் செய்யுங்கள்.

கோயம்புத்தூர்: நானே யானை செய்து, தெரிந்தவர் சூளையில் கொடுத்தேன். வெடித்துச் சுக்குநூறாகிவிட்டது. என்ன தப்பு?

மூன்று தப்பில் ஏதோ ஒன்று. அல்லது மூன்றும்.

முதலாவது, ஈரம். மேலே வெள்ளையாகக் காய்ந்ததைப் பார்த்து ஏமாந்திருப்பீர்கள். கால் சேரும் இடத்திலும் துதிக்கை அடியிலும் மண் தடிப்பு அதிகம், அங்கே ஈரம் நிற்கும். 100 டிகிரியில் அது ஆவியாகும்போது வெளியேற வழி இல்லாவிட்டால் வெடிக்கும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. நிழலில் இரண்டு வாரம் காயட்டும், கடைசியில் ஒரு நாள் வெயில்.

இரண்டாவது, மூடிய வயிறு. ஐயனார் கோயில் குதிரைகளை உற்றுப் பாருங்கள். அத்தனை பெரிய உருவமும் உள்ளே வெறும் கூடு. எங்கேயாவது துளை விட்டிருப்பார்கள், ஆவியும் சூடும் போய்வர. எனக்கு இந்தத் தொழில் புத்தியே அங்கிருந்துதான் வந்தது. சாயம்போன ஒரு பழைய குதிரையின் உடைந்த வயிற்றுக்குள் மைனா குச்சியோடு நுழைவதைப் பார்த்துவிட்டு, இதை ஏன் தோட்டத்துக்குச் செய்யக் கூடாது என்று தோன்றியது.

மூன்றாவது, வெறும் களிமண். தனிக் களிமண் பெரிய உருவத்துக்கு நிற்காது. சலித்த மணலும் கொஞ்சம் உமியும் கலந்து மிதியுங்கள். உமி சூளையில் எரிந்து போய் நுண்துளைகளை விட்டுச்செல்லும். சுவர் எல்லா இடத்திலும் ஒரு விரல் தடிப்புக்குள் இருக்கட்டும். அப்புறம், சூளையை அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள். மணலில் உள்ள குவார்ட்ஸ் 573 டிகிரியில் சட்டென்று அளவு மாறும். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த இடத்தை நிதானமாகக் கடக்க வேண்டும். நான் மறுநாள் சாயங்காலம் வரை சாம்பலைத் தொடமாட்டேன்.

சென்னை, வில்லிவாக்கம்: ஆந்தை வடிவத்தில் குருவிக்கூடு கேட்டேன், மைனா வந்து உட்கார்ந்துவிட்டது.

வாசல் பெரிது. சிட்டுக்குருவிக்கு 32 மில்லிமீட்டர் போதும், மைனாவால் அதில் நுழைய முடியாது. ஆனால் பச்சை மண்ணில் 32 போட்டால் சுட்டு வந்தபின் 29 ஆகியிருக்கும், குருவிக்கு இறுக்கம். மண் காய்ந்தும் வெந்தும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும். ஊருக்கு ஊர் மண் மாறும் என்பதால், ஒரு சில்லில் 10 சென்டிமீட்டர் கோடு கீறிச் சுட்டு அளந்து பாருங்கள். என் மண்ணுக்கு 36 வெட்டினால் சரியாக 32 வருகிறது.

வாசலுக்கு அடியில் குச்சி வைக்காதீர்கள், அது காக்கைக்குத்தான் வசதி. உள்சுவரைச் சீப்பால் கீறிவிடுங்கள், குஞ்சு ஏறிவரக் கால் பிடிக்க வேண்டும். வெயில் படும் சுவரில் மாட்டினால் மண்கூடு அடுப்பாகிவிடும். சன்ஷேடுக்கு அடியில், வடக்கோ கிழக்கோ பார்த்து, பத்தடி உயரத்தில். மார்ச் 20 குருவி தினத்தை ஒட்டி ஆர்டர் குவியும், ஆனால் பொங்கல் முடிந்ததும் மாட்டிவிடுவது நல்லது.

ஆந்தையைப் பார்த்துக் குருவி பயப்படாதா என்று இன்னொருவரும் கேட்டிருக்கிறார். அசையாத ஆந்தைக்கு நாலு நாள்தான் மரியாதை.

நாகர்கோவில்: யானைத் தொட்டியின் காதுக்குள் கொசுத்தேனீ கூடு கட்டிவிட்டது. எடுத்துவிடவா?

ஐயோ, எடுக்காதீர்கள்! நான் ஏங்கிக் கிடக்கும் விருந்தாளி அது. கொட்டாது, கொடுக்கே வேலை செய்யாது. வாசலில் மெழுகும் பிசினும் சேர்ந்த குட்டிக் குழாய் நீட்டியிருக்கும், அதை உடைக்காமல் இருந்தால் போதும். மண்கலயத்தில் கொசுத்தேனீ வளர்ப்பது உங்கள் பக்கத்துக்குப் புதிதா என்ன? தொட்டியை இடம் மாற்றாதீர்கள், பக்கத்துச் செடிக்குப் பூச்சிமருந்து அடிக்காதீர்கள், வேப்பெண்ணெய்க் கரைசலானாலும் அந்தி சாய்ந்தபின் அடியுங்கள். யானை முதுகில் துளசி இருந்தால் பூவைக் கிள்ளாமல் விடுங்கள்.

சேலம்: ஐயா, பளபளப்பான செராமிக் நல்லதா, சுடுமண் நல்லதா? பெயின்ட் அடிக்கலாமா?

ஐயா இல்லை, அக்கா. பரவாயில்லை.

எங்கள் புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்பாண்டப் பட்டறையின் தாக்கத்தில் மெருகிட்ட ஸ்டோன்வேர் (நீங்கள் கேட்ட பளபளப்பான செராமிக்) செய்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அழகுக்கு அதை அடிக்க ஆள் இல்லை. 1200 டிகிரிக்கு மேல் வெந்தது, மழைக்கும் அசையாது. ஆனால் அது வியர்க்காது. சுடுமண் பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறதோ, அதே காரணத்தால்தான் சுடுமண் ஆமையின் வயிறும் சித்திரை வெயிலில் குளிர்ந்து கிடக்கிறது. தேரைக்கு அதுதான் வேண்டும். எனாமல் பெயின்ட் அந்தத் துளைகளை அடைத்துவிடும். நிறம் வேண்டுமென்றால் சுடுவதற்கு முன் காவி பூசுங்கள், சுட்டபின் சுண்ணாம்பு. உள்ளே எதுவும் வேண்டாம்.

திருவள்ளூர்: தொட்டி முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பூஞ்சையா?

உப்பு. போர் தண்ணீர் ஊற்றுகிறீர்கள். ஈரத்தோடு வெளியே வந்து படிகமாகிறது, விட்டால் மேல்தோல் செதில் செதிலாக உரியும். நார் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, மழைத்தண்ணீர் பிடித்து ஊற்றுங்கள்.

திருச்சி: தேரைக்கென்று தட்டில் தண்ணீர் வைத்தால் டெங்கு வராதா?

கவனிக்காமல் விட்டால் வரும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். இரண்டு நாளுக்கு ஒருமுறை கொட்டிவிட்டு, தட்டின் ஓரத்தைத் தேங்காய் நாரால் தேயுங்கள். ஓரத்தில் ஒட்டிய முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தேரை கொசுவைத் தின்றுவிடும் என்று நம்பிச் சும்மா இருக்காதீர்கள்.

விருதுநகர்: பன்றித் தொட்டியில் அரணை குடியிருக்கிறது. அரணை கடித்தால் மரணம் என்பார்களே?

எதுகைக்காகச் சொன்னது. அரணைக்கு விஷமே கிடையாது. அது பாட்டுக்குக் கரப்பானும் வெட்டுக்கிளியும் தின்றுகொண்டு இருக்கட்டும்.

புதுச்சேரி, அரியாங்குப்பம்: ஆமை வைத்து ஒரு மாதம். ஒன்றும் வரவில்லை. ஏரிக்கரையிலிருந்து தேரை பிடித்து விடட்டுமா?

வேண்டாம். பிடித்து விட்ட தேரை தன் பழைய இடம் தேடிப் போகப் பார்க்கும், வழியில் வண்டியில் அடிபடும். ஒரு மழைக்காலம் முழுக்க விட்டுப்பாருங்கள். ராத்திரி விளக்கு எரியும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்தால் பூச்சிக்காகவே தேடி வரும். வந்துவிட்டதா என்று தினமும் தூக்கிப் பார்க்காதீர்கள். காலையில் வாசலைச் சுற்றிப் பாருங்கள். சுண்டுவிரல் நுனி அளவில் கறுப்பாக ஒரு எச்சக் கட்டி கிடந்தால் குச்சியால் பிரித்துப் பாருங்கள். எறும்புத் தலையும் வண்டுச் சிறகுத் துண்டும் மினுமினுத்தால் ஆள் வந்தாயிற்று.